மனோசக்தியும் அருளும்: சுயமுன்னேற்ற நெறி பற்றிய ஒரு கிறிஸ்தவ நோக்கு

மனத்தைப் பயிற்றுவதன்மூலம் நோயையும் வறுமையையும் தோல்வியையும் வென்றுவிடலாம் எனக் கூறும் நூல்கள் இன்று பல மொழிகளிலும் வெளிவருகின்றன. இவற்றை உளவியல் சார்ந்த உலகியல் நூல்களாகவே பலரும் கொள்வர். ஆயின் இந்நெறியின் முக்கிய கிளையொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் பிரொட்டஸ்தாந்துச் சூழலில் தோன்றி, வேதாகம வசனங்களைத் துணைக்கொண்டு வளர்ந்ததாகும். எனவே கிறிஸ்தவ இறையியலின் அளவுகோலைக் கொண்டு அதனை மதிப்பிடுதல் பொருத்தமுடையதே. அம்மதிப்பீட்டைச் சுருக்கமாக முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நெறியின் மூலவராகக் கருதப்படுபவர் பினியாஸ் குயிம்பி (1802–1866) என்பவர். மெய்ன் மாநிலத்திலே கடிகாரம் செய்து வாழ்ந்த இவர், மெஸ்மரின் வசியமுறையைப் பயின்று, பின்னர் அதனையும் கைவிட்டு, நோயாளி கொண்டுள்ள தவறான நம்பிக்கையே நோயின் காரணம் என்னும் முடிவுக்கு வந்தார். 1862 இல் அவரிடம் சிகிச்சைக்கு வந்த மேரி பேக்கர் எடி, 1875 இல் தமது நூலை வெளியிட்டு, 1879 இல் 'கிறிஸ்தவ விஞ்ஞானம்' என வழங்கும் திருச்சபையை நிறுவினார். குயிம்பியின் வழிவந்த ஏனையோரின் கருத்துக்கள் 'புதுச் சிந்தனை' என்னும் இயக்கமாக உருப்பெற்றன.

இவ்வியக்கம் மக்களை ஈர்த்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அக்கால மருத்துவம் குருதி வடித்தலையும் பாதரச மருந்துகளையும் பெரிதும் நம்பியிருந்தது. கல்வினிச மரபில் வந்த போதகர்களோ, நோயை இறைசித்தமெனப் பொறுமையுடன் ஏற்குமாறு உபதேசித்தனர். இவ்விரண்டினிடையே அல்லலுற்றோருக்கு, அருகிலமர்ந்து குறைகேட்டு நம்பிக்கையூட்டிய ஒருவர் ஆறுதலாக அமைந்ததில் வியப்பில்லை. திருச்சபைகள் நிரப்பத் தவறிய ஓரிடத்தையே புதுச் சிந்தனை நிரப்பிற்று எனலாம்.

வில்லியம் ஜேம்ஸ் 1902 இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலில் இவ்வியக்கத்தை அனுதாபத்துடன் ஆராய்ந்தார். அதனாற் பலர் உண்மையாகவே நலம்பெற்றனர் என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும் தீமையைக் காண மறுக்கும் எந்தச் சமயநோக்கும் முழுமையுடையதாகாது என்பது அவரது முடிபு. தீமையும் மெய்ம்மையின் ஒரு கூறே என அவர் கருதினார்.

காலப்போக்கில் இந்நெறியின் இலக்கு நலத்திலிருந்து செல்வத்திற்கு நகர்ந்தது. இவ்வகையில் வாலஸ் வற்றில்ஸ் என்பவரின் வரலாறு கருத்தூன்றி நோக்கத்தக்கது. செல்வந்தராவதற்குரிய விஞ்ஞானம் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1910 இல் நூல் வெளியிட்ட இவர், கிறிஸ்தவ சமவுடைமைவாதியுமாவார். 2006 இல் ரொண்டா பேர்ன் வெளியிட்டு உலகெங்கும் விற்பனையான 'இரகசியம்' என்னும் நூலுக்கு வற்றில்சின் நூலே தூண்டுகோலாயிற்று. வற்றில்ஸ் கொண்டிருந்த சமூக மாற்ற வேட்கை இவ்வழியில் உதிர்ந்துபோக, தனிமனித செல்வ வேட்கை மட்டுமே எஞ்சியது.

பிரதான திருச்சபைகளின் பிரசங்கபீடத்திற்கு இந்நெறியைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் நோர்மன் வின்சன்ட் பீல் ஆவார். 1932 இல் நியூயோர்க் நகரின் மாபிள் கொலீஜியேட் தேவாலயத்திற் குருவாகப் பொறுப்பேற்ற இவர், 1952 இல் 'ஆக்கச் சிந்தனையின் ஆற்றல்' என்னும் பொருளிலமைந்த நூலை வெளியிட்டார். வேதவசனங்களை நாள்தோறும் பன்முறை சொல்லி மனத்திற் பதிப்பதனாற் தன்னம்பிக்கையும் வெற்றியும் கைகூடும் என்பது அவரது போதனை. கிறிஸ்துவின் பலத்தினால் எல்லாவற்றையும் செய்ய வல்லேன் எனப் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கூற்று இதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது.

அக்கூற்றினை அதன் இடத்தில் வைத்து நோக்குதல் வேண்டும். அது சிறையிலிருந்து எழுதப்பட்ட கடிதம். நிறைவிலும் குறைவிலும், உண்டபோதும் பசித்தபோதும் மனநிறைவோடிருக்கக் கற்றதாகக் கூறிய பின்னரே பவுல் அவ்வாறு எழுதுகின்றார். அவர் குறிப்பது பசியை வெல்லும் உபாயமன்று. பசியிலும் குலையாதிருக்கும் உறுதி. இதனினும் முக்கியமானது அடுத்து வரும் பகுதி. தமது துன்பத்திற் பங்குகொண்டு எப்பாப்பிரோதீத்துவின் கையிலே பொருளுதவி அனுப்பிய பிலிப்பிச் சபையாருக்கு அவர் அங்கே நன்றி கூறுகின்றார். சுயமுன்னேற்றத்தின் மூலவசனமாக எடுத்தாளப்படும் கூற்று, பிறர் செய்த உதவிக்கு நன்றி நவிலும் கடிதத்தில் இடம்பெறுகிறது!

மந்திரம்போல் வசனத்தை உச்சரித்துப் பயன்பெறும் முறையில் விசுவாசம் ஓர் உத்தியாகிவிடுகிறது. அருள் என்பது கொடுப்பவரின் சுதந்திரத்தைச் சார்ந்தது. உத்தியோ பயன்படுத்துபவரின் திறமையைச் சார்ந்தது. உத்தி பயனளிக்காதவிடத்துக் குற்றம் பயன்படுத்தியவரையே சேரும். நோய் தீரவில்லையெனில் நம்பிக்கை போதாது. வேலை கிட்டவில்லையெனில் எண்ணம் சரியில்லை. துன்புறுபவர்மேல் துன்பத்தோடு பழியும் சுமத்தப்படுகிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. அந்நூலின் முடிவிற் கடவுள் அவர்களைக் கண்டிக்கின்றார். பிறவிக் குருடன் பார்வையற்றிருப்பது எவர் செய்த பாவத்தால் எனச் சீடர்கள் வினவியபோது, இயேசு அக்கேள்வியின் அடிப்படையையே நிராகரித்தார்.

இப்பழிசுமத்தலுக்குச் சமூகப் பரிமாணமும் உண்டு. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933 இல், அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். இத்தனை பேரும் ஒரே காலத்திற் தவறாகச் சிந்தித்தனர் எனக் கூறுவார் இலர். ஆயினும் அப்பெருமந்தம் நீங்குமுன்னரே, 1937 இல், சிந்தனையாற் செல்வம் சேர்க்கலாம் எனக் கூறிய நெப்போலியன் ஹில்லின் நூல் வெளிவந்து பெருவரவேற்புப் பெற்றது. அமைப்பின் குறை தனிமனிதரின் மனக்குறையாக மாற்றப்படுமிடத்து நீதி பற்றிய கேள்வி எழாதொழிகிறது. இறையியலாளர் றைன்ஹோல்ட் நீபர் பீலின் போதனையைக் கண்டித்தமைக்கு, வாழ்வின் மெய்யான சிக்கல்களை அது தட்டிக்கழிக்கிறது என்பதே காரணமாயிற்று.

அங்ஙனமாயின் மனப்பயிற்சி யாவும் தள்ளத்தக்கனவோ? அன்று. மனநிலை உடல்நலத்தைப் பாதிக்கும் என்பதும், நம்பிக்கையிழந்தோர்க்கு ஊக்கம் தேவை என்பதும் மறுக்கவியலாதவை. அமெரிக்காவிலேயே தோன்றிய வேறொரு வழி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1935 இல் ஓஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் உருவான 'பெயர் குறியா மதுநோயாளர்' சங்கம், மதுவின் முன்னே தாம் வலுவற்றோர் என ஏற்பதையே முதற்படியாகக் கொண்டது. அதன் பன்னிரு படிகளும் தன்மைப் பன்மையில், 'நாம்' என அமைந்தவை. ஒருவர் தமது இயலாமையை மறைக்காது கூறவும், மற்றவர் அதனைப் பழியின்றிக் கேட்கவும் அங்கே இடமுண்டு.

ஒரு மனப்பயிற்சியைக் கிறிஸ்தவர் மதிப்பிடுவதற்கு ஓர் எளிய உரைகல்லை இதிலிருந்து பெறலாம். அப்பயிற்சி தோல்வியுற்றவரை என்ன செய்கிறது? அவரைத் தனிமைப்படுத்திக் குற்றவாளியாக்குமெனில், வேதவசனங்கள் எத்தனை கலந்திருப்பினும் அது சிலுவையின் நெறியாகாது. பிலிப்பிச் சபையாரைப்போல் அவரது துன்பத்திற் பங்குகொள்ள மற்றவரை அழைக்குமெனில் அதனை ஏற்பதிற் தடையில்லை.