காசு வாங்கியவரா குற்றவாளி?

தேர்தல் முடிவு வந்த மறுநாளே நகரத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "காசை வாங்கிட்டுக் குத்திட்டாங்க. இந்த ஜனங்க இருக்கிற வரைக்கும் நாடு உருப்படாது." கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இதில் பாதிதான் உண்மை, அந்தப் பாதியும் ஏழையின் தலையில் மட்டும் கட்டப்படுகிறது.

பணம் பாய்வதை யாரும் மறுக்க முடியாது. பணப் பட்டுவாடா புகாரில் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் என்று தேர்தல்களையே ரத்து செய்ய வேண்டிவந்தது. ஆனால் பணம் வெற்றியை உறுதி செய்கிறதா? 2009 இடைத்தேர்தலுக்குப் பின், ஓட்டுக்குப் பணம் கொடுத்து வெல்லும் 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நாடே பேசியது. 2011 பொதுத்தேர்தலில் அதே திருமங்கலத்தில் அன்றைய ஆளுங்கட்சியான திமுக தோற்றது. எல்லாத் தரப்பிலும் வாங்கிக்கொண்டு, மனத்தில் நினைத்தவருக்கு ஓட்டுப் போடத் தெரிந்தவர்தான் நம் வாக்காளர்.

ஊழலை அவர் தண்டித்ததும் உண்டு. 1996-ல் முதலமைச்சர் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அதிமுகவுக்குக் கிடைத்தவை 4 இடங்கள். 2011-ல், 2ஜி அலைக்கற்றை ஊழல் புகார் கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில், திமுக 23 இடங்களுக்குச் சுருங்கியது. மக்கள் தம் கடமையைச் செய்தார்கள். நீதிமன்றங்கள்? 1996-ல் தொடங்கிய, ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் தனி நீதிமன்றத்தின் தண்டனை வந்தது 2014 செப்டம்பரில். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2016-ல் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்தது. தண்டனை சரியே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017 பிப்ரவரியில். அப்போது ஜெயலலிதா உயிரோடு இல்லை. 2ஜி வழக்கிலோ 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. இதையெல்லாம் பார்த்த ஒருவர், "யாருதான் யோக்கியம்? எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால், அந்தச் சலிப்பை அவருக்கு ஊட்டியது யார்?

எல்லாரும் ஒன்றுதான் என்று ஆனபிறகு ஓட்டு எதைப் பார்த்து விழும்? நமக்கு யார் உதவுவார் என்பதைப் பார்த்துத்தான். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், உதவித்தொகை வேண்டும், வீட்டுமனைப் பட்டா மாற வேண்டும். மூன்றும் அவருடைய உரிமை. மூன்றுக்கும் விஏஓ ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று "அப்புறம் வாங்க" என்ற பதிலைக் கேட்டபடி நடக்க வேண்டும். கட்சிக்காரர் ஒரு போன் போட்டால் மனு நகர்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பையனை மீட்பது, எல்லாவற்றுக்கும் அவரே வருகிறார். அவர் எவ்வளவு சுருட்டினார் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். எதிரே நிற்கும் நேர்மையான வேட்பாளரின் போனை அந்த ஆபீஸில் யாரும் எடுக்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

அதனால்தான் தகவல் மட்டும் போதவில்லை. 2003 முதல் வேட்பாளர்களின் சொத்தும் குற்ற வழக்குகளும் பிரமாணப் பத்திரத்தில் வெளியாகின்றன. வழக்குள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சிகள் காரணம் சொல்ல வேண்டும் என 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தாள்களால் ஒரு பட்டாவைக்கூட வாங்கித்தர முடியாது.

கட்சிக்காரரின் வாசலில் அந்தப் பெண் நிற்கவேண்டிய அவசியத்தை ஒழிக்காமல், அவருடைய ஓட்டைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. அதற்கு வழி உண்டு: அரசுச் சேவையைக் குறித்த நாளுக்குள் தரச்சொல்லும் பொதுச்சேவை உறுதிச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்தது. கர்நாடகத்தின் 'சகாலா' சட்டத்தின்படி, குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். அந்தத் தொகையைப் பொறுப்பான அலுவலரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் கர்நாடக அரசியல் தூய்மையாகிவிடவில்லை. ஆனால் மனு கொடுத்தவர் கையில் தேதி போட்ட ஒரு ரசீது இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்த ரசீதை.