நோயாளியைக் காட்டிக்கொடுக்காத நர்சம்மா



"டிரெஸ்ஸர் ஐயாகிட்ட சொன்னா ஆபீஸ் கிராணிக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் மண்டோர் வேலைய மாத்திடுவாரு." ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. இந்தப் பயத்தினாலேயே பலர் நோயை முற்றவிட்டுப் பிறகுதான் கிளினிக்குப் படியேறுகிறார்கள். ஆகையால் இம்முறை மாத்திரை மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நம் நாட்டு நர்சம்மா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் சிபில் கார்த்திகேசு. 1899-இல் மேடானில் பிறந்தவர். நர்சாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு, இலங்கைத் தமிழர் வழி வந்தவர். ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் இருவரும் கிளினிக் நடத்தி வந்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்தான். ஈப்போவில் குண்டு விழவே, குடும்பம் அருகிலிருந்த பாபான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குப் போனது. அங்கேயும் நர்சம்மாவின் கை ஓயவில்லை. ஊர்மக்களுக்கும் வைத்தியம் பார்த்தார். காட்டிலிருந்து இரவில் வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினரின் குண்டுக் காயங்களுக்கும் கட்டுப் போட்டார். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார்.

1943-இல் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்தது. "யார் யாருக்கு மருந்து கொடுத்தாய்? பேரைச் சொல்!" என்று அடித்து நொறுக்கினார்கள். முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாமல் போனது. சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி மிரட்டினார்கள். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! அப்போதும் அந்த அம்மாள் ஒரு நோயாளியின் பெயரையும் சொல்லவில்லை. குழந்தை உயிர் தப்பியது.

1945-இல் விடுதலையானார். சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கமும் கிடைத்தது. ஆனால் உடல் தேறவில்லை. 1948 ஜூன் 12-இல் காலமானார். ஈப்போவில் இன்றும் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1953-இல் உலக நர்சுகள் சம்மேளனம் தன் ஒழுக்க நெறியை வகுத்தபோது, நோயாளி நம்பிச் சொன்னதை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. அது எழுத்தில் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த அம்மாள் அப்படி நடந்து காட்டினார். நர்சானாலும் டிரெஸ்ஸரானாலும் முதல் கடமை நோயாளிக்குத்தான். துரைக்கும் கிராணிக்கும் அதன் பிறகுதான்.

என்னிடம் மருந்தடிக்கும் தாய் ஒருவர் கைப்புண்ணை மூன்று வாரம் மறைத்துவிட்டு வந்தார். "இனி மருந்துத் தண்ணி கையில் படக்கூடாது" என்று மட்டும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். புண் ஆறியது. மூன்று வாரம் முன்னதாக வந்திருந்தால் அவ்வளவு வேதனை ஏது?

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்:

1. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், "நான் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

2. மருந்தடிப்பவர்கள் டின்னின் லேபிளைக் கொண்டு வாருங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. பழைய டின் இன்னும் கிடந்தால் தொடாதீர்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

3. டாக்டர் எழுதிய எம்.சி. யாரும் போடும் பிச்சையல்ல. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு வருடத்தில் 14 நாள், ஐந்து ஆண்டு ஆகாதவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் தனி.

4. வேலையில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து வீட்டு வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

5. காசநோய், டெங்கி போன்ற தொற்று நோய்களைச் சுகாதார இலாகாவுக்கு அறிவிப்பது சட்டம். அதைப் பெரட்டுக் களத்தில் பேச யாருக்கும் உரிமையில்லை. யாராவது பேசினால் சங்கக் கிளைச் செயலாளரிடம் புகார் கொடுங்கள்.

உயிர் போகும் நேரத்திலும் நோயாளியைக் காட்டிக்கொடுக்காத நர்சம்மா வாழ்ந்த நாடு இது. எங்களை நம்பி வாருங்கள். வலியை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்காகப் பேச வேண்டியது எங்கள் வேலை!