விசையும் வேடமும்: கணினி விளையாட்டுப் பாத்திரங்களும் ஆக்கவுரிமையும்

மனித உடலின் அசைவொன்றைப் பிறிதொரு பொருளின் அசைவாக மாற்றுதல் தொழில்நுட்ப வரலாற்றின் மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாகும். தோற்பாவையின் கோலும் கைத்தறியின் மிதியும் இம்முயற்சியின் விளைவுகளே. விரலசைவுக்கேற்பத் திரையில் ஓடும் கணினி விளையாட்டுப் பாத்திரமும் இவ்வரிசையில் வைத்தே நோக்கத்தக்கது. அப்பாத்திரத்தை இயக்குவதற்கும், அதன் உருவையும் இயல்பையும் வேண்டியவாறு அமைப்பதற்கும் தோன்றிய கண்டுபிடிப்புகள் யாருடைய உழைப்பில் விளைந்தன, யாருடைய உடைமையாயின என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருதமுனைக் கைத்தறியாளருக்கு இவ்விடயம் அந்நியமானதன்று. மிதியை அழுத்த விழுதுகள் ஏறி இறங்குகின்றன. பாவு நூல்கள் இரு கூறாகப் பிரிகின்றன. இடைவெளியினூடே நாடா ஊடை நூலைக் கொண்டு செல்கின்றது. எந்த மிதி எவ்வொழுங்கில் அழுத்தப்படுகின்றது என்பது துணியின் கோலத்தைத் தீர்மானிக்கின்றது. இவ்வொழுங்கை நெசவாளரின் காலிலும் நினைவிலுமிருந்து பிரித்தெடுத்துத் துளையிட்ட அட்டைகளுக்கு மாற்றியமையே லியோன் நகரத்து யாக்கார் 1804இல் அமைத்த பொறியின் சிறப்பாகும். ஆயின் 1725இல் பூஷோனும், அவருக்குப் பின் ஃபால்கோன், வோக்கன்சன் ஆகியோரும் செய்த வேலையின்றி அப்பொறி இல்லை. கண்டுபிடிப்பு தனிமனித மேதையின் விளைவு என்னும் கருத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) மறுத்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. யாக்காரின் பொறியைப் பிரெஞ்சு அரசு பொதுச் சொத்தாக்கிற்று. அவருக்கு ஓய்வூதியமும் பொறியொன்றுக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவும் வழங்கப்பட்டன. அந்த அட்டைகளையே 1830களில் சார்ல்ஸ் பபேஜ் தமது கணிப்பொறித் திட்டத்திற் பயன்படுத்த எண்ணினார். கணினியின் முன்னோருள் தறியும் ஒன்று எனக் கூறுதல் மிகையாகாது.

கணினி விளையாட்டின் தொடக்கமும் கூட்டுழைப்பே. 1962இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வோர்’ என்னும் விண்கலப் போர் விளையாட்டை ஆக்கினர். முதலிற் கணினியின் முகப்பிலிருந்த ஆளிகளைக் கொண்டே கலங்கள் இயக்கப்பட்டன. அது கைகளுக்குத் துன்பந்தரவே, அலன் கொடொக், பொப் சோண்டர்ஸ் ஆகிய இருவர் தனியான இயக்குபெட்டிகளைச் செய்தனர். இயக்கு கருவி விளையாடுவோரின் தேவையிலிருந்தே பிறந்தது. அவ்விளையாட்டுக்கு எவரும் ஆக்கவுரிமை கோரவில்லை. பிற கணினிக் கூடங்களுக்கு அது தடையின்றிப் பரவிற்று.

விளையாட்டு பண்டமானதும் நிலைமை மாறியது. றால்ஃப் பேயர் 1966 முதல் உருவாக்கிய தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியை மக்னவொக்ஸ் நிறுவனம் 1972இற் சந்தைக்குக் கொணர்ந்தது. 1973இல் அதற்குரிய ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பொன்றைக் குறித்த காலத்துக்குப் பிறர் பயன்படுத்தாது தடுக்கும் உரிமையே ஆக்கவுரிமை எனப்படுவது. அடுத்த ஆண்டே வழக்குகள் தொடங்கின. 1976இல் அட்டாரி நிறுவனம் பணங் கொடுத்து உரிமம் பெற்றது. இயக்கு கருவியின் வரலாற்றில் மற்றொரு திருப்பம் நின்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யொக்கோய் 1982இல் ஆக்கிய குறுக்குவடிவத் திசைவிசையாகும். திசைக்கொன்றாக நான்கு பொத்தான்கள் முன்னரும் இருந்தன. அவற்றை ஒரே துண்டாக இணைத்து, நடுவிற் சாயுமாறு அமைத்தமையால், பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே பெருவிரலொன்றினால் எத்திசையையும் உணர்ந்து அழுத்த முடிந்தது. இது உண்மையான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. 1987இல் இதற்கு அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது; காலம் முடிந்ததும் அது பொதுச் சொத்தாயிற்று.

பருப்பொருளான விசைக்கு உரிமை கோருதல் ஒன்று. பாத்திரம் நடந்துகொள்ளும் விதிக்கு உரிமை கோருதல் மற்றொன்று. 2014இல் வெளிவந்த ‘ஷாடோ ஒஃப் மோர்டோர்’ என்னும் விளையாட்டில், எதிரிப் பாத்திரங்கள் விளையாடுபவருடனான முன்னைய மோதலை நினைவிற் கொள்கின்றன. பட்ட காயத்தின் வடுவைச் சுமக்கின்றன. வென்றால் பதவியில் உயர்கின்றன. ஒவ்வொருவருடைய ஆட்டத்துக்கும் ஏற்பப் பாத்திரம் தனித்தன்மை பெறும் இம்முறைக்கு வோர்னர் பிறதர்ஸ் நிறுவனம் 2021இல் ஆக்கவுரிமை பெற்றது. அதனை உழைத்து ஆக்கிய மொனோலித் கூடத்தை 2025 பெப்ரவரியில் அதே நிறுவனம் மூடிவிட்டது. ஆக்கியோர் வேலையிழந்தனர், ஆக்கத்தின் உரிமையோ 2036 வரை நிறுவனத்திடம் உள்ளது. உழைப்பின் விளைவு உழைத்தவனுக்கு அந்நியமாதல் என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜப்பானிய நிகழ்ச்சியொன்றும் நோக்கத்தக்கது. 2024 செப்ரெம்பரில் நின்டெண்டோவும் போக்கிமொன் நிறுவனமும் ‘பால்வேர்ல்ட்’ விளையாட்டை ஆக்கிய போக்கெற்பெயர் என்னும் சிறு நிறுவனத்தின் மீது டோக்கியோ மாவட்ட நீதிமன்றில் ஆக்கவுரிமை வழக்குத் தொடுத்தன. தீர்ப்பு எதுவும் வருமுன்னரே, பாத்திரம் உருண்டையொன்றை எறிந்து துணைப்பிராணியை வரவழைக்கும் முறையைச் சிறு நிறுவனம் மாற்றிக்கொண்டது. சட்டத்தின் அச்சமே சட்டத்தின் வேலையைச் செய்துவிடுகின்றது.

பாத்திரத்துக்கு அணிவிக்கும் உடையும் ஒப்பனையும் இன்று தனித்தனியே விற்கப்படுகின்றன. வால்வ் நிறுவனம் 2010இல் தனது விளையாட்டொன்றில் இத்தகைய கடையைத் திறந்தது. விளையாடுவோரே அவற்றை வரைந்து விற்கவும் வழி செய்யப்பட்டது. அவர்களுக்கு விற்பனையில் 25 வீதமே பகிரப்பட்டது. ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்னும் பெயரில் உழைப்பு இங்கு உற்பத்திக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றது.

கண்டுபிடித்தவருக்குப் பயன் வேண்டாமா என்ற வினா எழலாம். எறிநாடாவுக்கு 1733இல் ஆக்கவுரிமை பெற்ற ஜோன் கேயின் நாடாவை ஆங்கிலத் துணி முதலாளிகள் உரிமைப்பணம் கொடாமலே பயன்படுத்தினர். தனி ஆக்குநருக்கு ஆக்கவுரிமை உறுதியான காவலாக அமையவில்லை என்பதையும், வழக்காடும் பணவலியுள்ளோருக்கே அது ஆயுதமாகின்றது என்பதையும் கேயின் வாழ்க்கை உணர்த்துகின்றது. ஆக்குநருக்குக் கொடுப்பனவு, ஆக்கம் பொதுமக்களுக்கு என்னும் யாக்காரின் வழி வரலாற்றில் நடைமுறையாக இருந்ததே.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், விளையாட்டுகளை ஆடுவதற்கான திட்டங்கள், விதிகள், முறைகள் என்பவற்றை ஆக்கவுரிமையிலிருந்து விலக்கியுள்ளது. இது பேணத்தக்க ஏற்பாடாகும். ஆயினும் ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு வேறானது. இங்கு தடையின்றி ஆக்கப்பட்ட விளையாட்டு அமெரிக்க, ஜப்பானியச் சந்தைகளில் விற்கப்படும்போது அந்நாடுகளின் உரிமைகளுக்கு உட்படவேண்டியதாகின்றது. 1977இன் பின் கட்டற்ற இறக்குமதி எமது கைத்தறிக்கு யாது செய்தது என்பதை நெசவூர்கள் அறியும். தறியைத் தொடர்ந்து கணினியின் முன் அமரும் இத்தலைமுறை, சந்தை எல்லோருக்கும் திறந்திருந்தும் விதிகள் சிலருக்கே சொந்தமாயிருக்கும் உலகினுள் நுழைகின்றது.

பாவையின் கோலைப் பிடிக்கும் முறைக்கோ மிதியை அழுத்தும் ஒழுங்குக்கோ எவரும் வேலியிடாமையாலேயே அக்கலைகள் தலைமுறை கடந்தன. விளையாட்டுப் பாத்திரத்தின் அசைவும் அவ்வாறே பொதுவில் வளரவேண்டுமாயின், ஆக்குநரின் உழைப்புக்கு உரிய பயனையும் விதிகளின் பொதுமையையும் ஒருசேரக் கோரும் குரல் எழவேண்டும். இவற்றுள் ஒன்றை விட்டு மற்றதைக் கேட்பது இறுதியில் நிறுவனங்களுக்கே துணைபோகும்.