இரைச்சலை வெல்லும் இரு சுருள்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். மேடையில் ஒருவர் நான்கு தடித்த கம்பிகள் கொண்ட கிட்டாரை வாசிப்பார். அதுவே பாஸ் கிட்டார். பாட்டு நின்ற இடைவேளையிலும் அதன் ஒலிபெருக்கி சில சமயம் ‘ம்ம்ம்’ என்று இரைகிறதே, ஏன்?

கம்பிகளின் கீழே கறுப்புப் பட்டை போல இருப்பது பிக்-அப். அதனுள் நிலைக்காந்தங்கள், அவற்றைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி, பல ஆயிரம் சுற்றுகள். காந்தம் மேலேயுள்ள எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது, மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. நூறாண்டு கழித்து, 1931-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் இதைக் கிட்டாரில் பயன்படுத்தினார். நைலான் கம்பி மாட்டினால் பிக்-அப் ஏன் பேசாது என்று இப்போது புரிகிறதல்லவா?

ஆனால் சுருளுக்கு வேண்டியது, வேண்டாதது தெரியாது. மேடையருகே உள்ள மின்மாற்றி, டியூப்லைட் சோக் ஆகியவற்றின் காந்தப்புலம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அதையும் சுருள் வாங்கிக்கொள்கிறது. அதுவே இரைச்சல்.

அந்த 50 ஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டலாமே என்பீர்கள். பாஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளும் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. இரைச்சல் முதலிரண்டு கம்பிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது! அதை வடிகட்டினால் இசையும் போய்விடும்.

வழி வேறு. 1960-இல் வந்த ஃபெண்டர் ஜாஸ் பாஸ் போன்றவற்றில் இரண்டு பிக்-அப்புகள் உண்டு. ஒன்றில் வடமுனை மேல்நோக்கி இருந்தால், மற்றதில் தென்முனை மேல்நோக்கி இருக்கும். சுற்றும் திசையும் எதிரானது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குச் சுற்றுத்திசை மட்டுமே கணக்கு. ஆகவே இரு சுருள்களிலும் அது எதிரெதிராக எழுந்து அழிகிறது. கம்பியின் ஒலிக்கோ காந்தமும் எதிர், சுற்றும் எதிர். எதிர்க்குறியை எதிர்க்குறியால் பெருக்கினால் நேர்க்குறிதானே? அதனால் இசை கூடுகிறது. இரண்டு பிக்-அப்புகளையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் இதைக் கேட்கலாம்.

பழுதான பிக்-அப்பை மாற்றுவோர் கவனிக்க வேண்டியதும் இதுவே. மல்டிமீட்டரில் பொதுவாக 7,000 ஓம் அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டும். முள் அசையாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. புதிய பிக்-அப்பின் ஒரு கம்பி வால்யூம் கண்ட்ரோலுக்கும், மற்றது எர்த்துக்கும் போகும். இவை இடம் மாறினால் எல்லாம் தலைகீழ்: கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்து ஒலி மெலியும், இரைச்சலோ அழியாமல் நிற்கும்!

பற்றவைக்கும் முன் இரு சோதனைகள் போதும். முதலில், திசைகாட்டியைப் பிக்-அப்புகளின் மேல் காட்டுங்கள். இரண்டும் வெவ்வேறு முனைகளைக் காட்ட வேண்டும். ஒரே முனையானால் அந்தப் பிக்-அப் இதற்கு ஏற்ற ஜோடியல்ல. அடுத்து, மல்டிமீட்டரை நேர்மின்னழுத்தத்தின் மிகக் குறைந்த அளவையில் வைத்து, அதன் சிவப்பு முனையை வால்யூமுக்குப் போகும் கம்பியிலும், கறுப்பு முனையை எர்த் கம்பியிலும் இணையுங்கள். பிக்-அப்பின் மேல் திருப்புளியை ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். பழையதிலும் புதியதிலும் ஒரே பக்கம் துள்ளினால் இணைப்பு சரி. எதிர்ப்பக்கமானால் புதியதன் இரு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள்.

முள் ஏன் துள்ளுகிறது? விடை மேலேயே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்.