நோயை மறைக்காதே, தோழா!



"காய்ச்சல்னு சொன்னா வேலைக்கு வராதேன்னுடுவாங்க. ஒரு நாள் பேரு விழலேன்னா அரிசிக்கு எங்க போறது?" கொரோனா காலத்தில் நம் வீடுகளில் கேட்ட பேச்சு இது. நாட்கூலிக்காரனுக்கு நோயைவிடப் பசிதான் முதலில் கதவைத் தட்டும். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும், நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

1879-இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர் டாக்டர் வூ லியென் தே. பினாங்கு ஃபிரீ ஸ்கூலிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்தவர். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது சீன அரசு இவரை ஹார்பினுக்கு அனுப்பியது. எலியும் தெள்ளுப்பூச்சியுமே காரணம் என்று மற்றவர்கள் நம்பியிருக்க, மூச்சுக்காற்றிலும் இது தொற்றுகிறது என்றார் இவர். பஞ்சு வைத்த துணியால் மூக்கையும் வாயையும் கட்டச் சொன்னார். அங்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. முகக்கவரி இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக்கே அவரைக் கொண்டுபோயிற்று. பெரிய படிப்பாளியின் உயிரும் ஒரு முழத் துணியில் இருந்தது, பார்த்தீர்களா! சுமார் 60,000 பேரைப் பலிகொண்ட பிறகே, 1911-இல் அந்நோய் அடங்கியது.

தனித்திருப்பது நமக்கும் புதிதல்ல. கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமாரில் பலரை முதலில் ஜெரஜாக் தீவில்தான் இறக்கி வைத்தார்கள். நோயில்லை என்று தெரிந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2021 தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு ரத ஊர்வலம் இல்லை. அதே ஆண்டு நடுவில், அடுப்பெரியாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டின. கொடியைக் கண்ட அக்கம்பக்கத்தார், இனம் பாராமல் அரிசியும் பருப்பும் கொண்டுவந்தார்கள். குறையைச் சொன்னதால்தானே உதவி வந்தது?

நோயும் அப்படித்தான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று இருந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருடத்தில் 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டு வீட்டில் படுத்தால் அது வெறும் 'ஆப்சென்ட்'!

முகக்கவரி கட்டுவது வாய்க்குத்தான். உரிமையைக் கேட்கும் வாய்க்கு அல்ல. அடுத்த நோய் எப்போது வருமோ! வந்தால் மறைக்காதே, தோழா. உன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குழந்தை தூங்குகிறது.