ஊத் அத்தர் யாருக்குப் பொருந்தும்?

வளைகுடா நாட்டு வீடுகளில் விருந்தினர் வந்தால், தணலில் அகில் கட்டைத் துண்டை வைத்து அந்தப் புகையை அவர்களிடம் நீட்டுவது வழக்கம். அதே கட்டையிலிருந்து வடிப்பதுதான் ஊத் தைலம்.

நோயில்லாத அகில் மரத்தில் இந்த வாசம் கிடையாது. மரம் காயப்பட்டுப் பூஞ்சை உள்ளே நுழையும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது கருநிறப் பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிய அந்தப் பகுதிதான் மணக்கிறது. அசாமின் ஹோஜாய் வட்டாரத்தில் இதைச் சிறு துண்டுகளாக்கி, நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்துத் தைலம் எடுக்கிறார்கள். அளவுமீறி வெட்டப்பட்டதால், இந்த அகில் இனம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இனி தோட்டத்து அகிலை நாடுவதே நியாயம்.

ஊத்துடன் குங்குமப்பூ, ஏலம், கிராம்பு, பட்டை சேர்ந்தால் கதகதப்பான, காரமான நறுமணம் பிறக்கிறது. இது யாருக்குப் பொருந்தும்? அவசரமில்லாதவருக்கு, குறைவாகப் பேசினாலும் உறுதியாகப் பேசுபவருக்கு என்பேன். ஆணா பெண்ணா என்பது பொருட்டே இல்லை. அரபு நாடுகளில் இருபாலரும் பூசுகிறார்கள். முதல் நெடி சற்றுக் கடுமையாகத்தான் இருக்கும். அரைமணி நேரம் பொறுத்தால் மரமும் மசாலாவும் இனிமையாக இழையும். நம் ஊர் வெயிலுக்கு மணிக்கட்டில் ஒரு சொட்டே ஏராளம். மாலை நேரமோ மார்கழிக் குளிரோ என்றால் இன்னும் நன்று.