மருத்துவ மாணவரும் ஆராய்ச்சியும்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூரில், முன்னாளில் காசநோய் மருத்துவமனை இயங்கிய வளாகத்தில் 2008-ஆம் ஆண்டு கே.பி.சி. மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இத்தகைய கல்லூரிகளில் பயிலும் இளநிலை மாணவர் ஆராய்ச்சியில் பழகும் பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் குறுகிய கால உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது.

மாணவர் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் ஒரு வினாவைத் தேர்ந்து, அதனை ஆராயும் முறையை எழுதி விண்ணப்பித்தல் வேண்டும். தேர்வுபெற்றோர் இரண்டு மாதம் ஆராய்ந்து அறிக்கை அளிப்பர். அறிக்கை ஏற்கப்பெற்ற பின்னரே உதவித்தொகை வழங்கப்பெறும்.

இரண்டு மாதத்திற்கு ஏற்ற வினாவைத் தேர்தலே இதில் கடினமான பகுதி. சான்றாக, காசநோயாளர் சிலர் மருந்தை இடையில் நிறுத்துவது ஏன் என்பதை ஆராயலாம். அவ்வாறு நிறுத்தினால் நோய் மீளும். கிருமிகள் மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

எளிய கருவிகளும் பெரும்பயன் தரும். 1959-இல் கொல்கத்தாவின் சம்பு நாத் தே, காலராக் கிருமிகளை வளர்த்து வடிகட்டிய திரவத்தை முயலின் குடலிற் செலுத்தினார். கிருமியில்லாத அத்திரவமும் குடலில் நீரைப் பெருகச் செய்தது. கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே பேதிக்குக் காரணம் என்பது இதனால் விளங்கிற்று.

களப்பணியாளரின் பதிவேடுகளும் இத்தகைய வினாக்களுக்குப் பிறப்பிடமாகும். ஆதலின் அவற்றைப் பிழையற எழுதுதல் ஆராய்ச்சிக்குச் செய்யும் உதவியேயாகும்.